பூட்டுப் போட்ட சாப்பாட்டுப் பை

வேண்டாம் தம்பி, நீங்க சாப்பிடுங்க. கோவிச்சுக்கிராதீங்க. நல்ல மனசோடதான் நீட்டுறீங்க, தெரியுது. ஆனா அந்தச் சிப்ஸ் பொட்டலத்துல தேதி இருக்கா? இல்லை. யாரு போட்டதுன்னு இருக்கா? இல்லை. எத்தனை வாட்டி கொதிச்ச எண்ணெயோ. உங்களுக்குச் சின்ன வயசு, செமிச்சுரும். சாப்பிடுங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

நான் ஃபுட் இன்ஸ்பெக்டர். ரிட்டயர்டு ஆயாச்சு. ஆனா இது கழட்டி ஆணியில மாட்டுற சட்டை இல்லை பாருங்க. சுந்தரமகாலிங்கம்னு எங்க ஊர் பஜார்ல போய்ச் சொல்லிப் பாருங்க. நான் தெருமுனையில திரும்புனா பலகாரக் கடைக்காரன் தட்டை எடுத்து உள்ள வைப்பான். அவ்வளவு மரியாதை. "மாதிரி எடுத்துக்கங்க சார்"னு அவங்களே சொல்லுவாங்க. சட்டப்படி மாதிரி எடுக்கணும்ல. அல்வாவுல எடுப்பேன், நெய்யில எடுப்பேன், தீபாவளி நேரத்துல எல்லாத்துலயும் எடுப்பேன். கொஞ்சம் லேபுக்குப் போகும். மீதி வீட்டுக்கு வரும். வீணாக்கக் கூடாதுல்ல. எங்க வீட்டம்மா கல்யாணமாகி வந்ததுல இருந்து நல்லெண்ணெய் என்ன விலைன்னு கேட்டதே கிடையாது. அப்படி நேர்மையா வேலை பார்த்தவன்.

இப்ப மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கத்தான் இந்தப் பஸ்ல போறேன். இந்தச் சம்பந்தம் முடிவானது வீட்டுலயும் இல்லை, கோயில்லயும் இல்லை. மலையில. கொடைக்கானலுக்குக் கீழ் அடுக்குல, பையைத் தூக்கி முதுகுல மாட்டிக்கிட்டு, நாலு பேரு நடந்து போனோம். அதுல எனக்கு நடந்த அநியாயத்தை நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

மகள் பேரு தாரணி. ஸ்கேன் சென்டர்ல வேலை. நல்ல பொண்ணு, கொஞ்சம் வாய். இதுக்கு முன்னாடி ரெண்டு இடம் வந்துச்சு. முதல் இடத்துல நான் அவங்க தண்ணித் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். ரெண்டாவது இடத்துல பையனோட பெரியம்மா விரல் நகத்தைக் காட்டச் சொன்னேன். ரெண்டும் தட்டிப் போச்சு. நல்லதுக்குத்தான்.

மூணாவதா வந்தவன் முகிலன். வீட்டு மாடியில சோலார் பலகை மாட்டுற கம்பெனியில எஞ்சினியர். அப்பா இல்லாத பையன். அம்மா குணவதி, பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். கழுத்துல விசில் இல்லையே தவிர, நம்மளை வரிசையில நிக்கச் சொல்லிருவாங்களோன்னு இருக்கும். அவங்க வீட்டுக்குப் போயிருந்தோம். பஜ்ஜி கொண்டு வந்து வச்சாங்க. நான் ஒண்ணை எடுத்தேன். மோந்து பார்த்தேன். பேப்பர் நாப்கின்ல வச்சு அமுக்குனேன். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் பண்ணலை.

"ஏதும் சரியில்லையா சார்?"னு பையன் கேட்டான்.

"எண்ணெய் ரெண்டாவது தடவை"ன்னேன்.

டீச்சரம்மா முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. வெளிய வந்ததும் தாரணி என்னைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டா. "ஒரு தட்டு பஜ்ஜியை வச்சு மனுசங்களை முடிவு பண்ணாதீங்கப்பா. நீங்க பண்ணுறதைப் பண்ணியாச்சு, இனிமே நான் பார்த்துக்கிறேன்"னா. அந்தப் பையன் லீவு கிடைச்சா மலை ஏறுறவனாம். இவளும் வர்றேன்னு போன்ல சொல்லிட்டா. கூட நடந்து, கூடச் சாப்பிட்டுப் பார்த்தாத்தான் ஆளு தெரியுமாம். கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டும் தனியாவா? நானும் வர்றேன்னேன். நான் வர்றேன்னதும் டீச்சரம்மாவும் வர்றேன்னுட்டாங்க. "சரி, நாலு பேரும் போவோம். ஆனா சாப்பாடு என் பொறுப்பு"ன்னேன். யாரும் சத்தம் காட்டலை. ஒத்துக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?

முகிலன் போன் பண்ணுனான். பவ்யமான பேச்சு. "சார், முதுகுல சுமக்கப் போறோம். கனம் கம்மியா, சத்து உள்ளதா, கெட்டுப் போகாததா இருக்கணும். வறுத்த நொய்யரிசி, பாசிப்பருப்பு, பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் இந்த மாதிரி எடுத்துக்குவோம். சின்ன கேஸ் அடுப்பு ஒண்ணு இருக்கு. கேஸ் கொஞ்சம்தான் இருக்கும், பார்த்துச் செலவு பண்ணணும்"னான்.

பையன் நல்ல பையன்தான். விவரம் பத்தாது. கடலை மிட்டாயாம்! கடலையில பூஞ்சை வந்தா என்ன ஆகும்னு தெரியுமா அவனுக்கு? பேரீச்சம்பழம் ஈ மொய்க்கும். நொய்யரிசியில கல் இருக்கும். எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணிட்டேன். "பரவாயில்லை சார், உங்க இஷ்டம்"னுட்டான். பாருங்க, படிச்ச பையன், சொன்னா கேட்டுக்கிறான்.

நான் தேர்ந்தெடுத்தது என்னென்ன தெரியுமா? பிரெட்டு. கம்பெனி சீல், தேதி, எல்லாம் பக்காவா இருக்கு. அப்புறம் அவல், பால் பவுடர், கண்ணாடிப் பாட்டில்ல தேன். பிளாஸ்டிக் பாட்டில் எனக்கு ஆகாது. கூட அவிச்ச முட்டை. முட்டைதான் பிரதானம். ஆனா முட்டை ஓட்டுல கோழி எச்சம் இருக்கும் தம்பி. அதை மலை வரைக்கும் சுமக்க முடியுமா? கிளம்புறதுக்கு முந்தின நாளே அவிச்சு, உரிச்சு, சூடு ஆறாமலே காத்துப் புகாத டப்பாவுல அடைச்சு மூடிட்டேன். சூடு இருந்தா கிருமி அண்டாதுல்ல. எங்க வீட்டம்மா எட்டிப் பார்த்து, "ஆற வச்சு மூடுங்க, வேர்த்து ஊசிப் போயிரும்"னா.

"நீ எத்தனை வருசம் சர்வீஸ்?"னு கேட்டேன். தலையில அடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

இதெல்லாம் போக, கையுறை, தட்டு துடைக்க ஸ்பிரிட், தலைக்கு வலைத்தொப்பி. மொத்தத்தையும் ஒரே பையில போட்டு ஜிப்புல சின்னப் பூட்டு ஒண்ணு மாட்டிட்டேன். ஆளாளுக்குக் கையை விட்டா சுத்தம் என்னாகுறது? சாவி என் சட்டைப் பையில. பை கொஞ்சம் கனம். எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் இருக்கு. அதனால பையை முகிலன் தூக்கிக்கிட்டான். அவன் பையும் அவன்கிட்டதான். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. சின்னப் பையன்தானே.

கொஞ்சம் அங்கிட்டு நகந்துக்கங்க, வெயில் அடிக்குது. ஆங், போதும்.

காட்டு இலாகாவுல அனுமதி வாங்கித்தான் போனோம். வழியெல்லாம் முகிலனுக்கு அத்துபடி. காலையில பிரெட்டு ஆளுக்கு ரெண்டு துண்டு குடுத்தேன். மத்தியானம் ஆச்சு. "எங்கயாவது உக்காந்து சாப்பிடுவோமாப்பா?"ன்னா தாரணி. நான் இடத்தைப் பார்த்தேன். ஈ இருந்துச்சு. அனுமதிக்கலை. இன்னும் மேல ஏறுனோம். அங்க மாட்டுச் சாணம். அனுமதிக்கலை. அதுக்கும் மேல ஒரு பாறை. நல்ல பாறைதான், ஆனா குரங்கு ஒண்ணு உக்காந்துட்டு எந்திரிச்சுப் போனதை நானே கண்ணால பார்த்தேன். எப்படித் தம்பி அனுமதிக்கிறது?

டீச்சரம்மா அந்தப் பாறையில பொத்துனு உக்காந்துட்டாங்க. "சார், இதுக்கு மேல எனக்கு முடியாது"ன்னு பையில இருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சாங்க.

புளியோதரை.

நான் என்ன சொல்லியிருந்தேன்? சாப்பாடு என் பொறுப்புன்னு சொல்லியிருந்தேனா இல்லையா? அந்தம்மா எனக்குத் தெரியாம ஒரு சாப்பாட்டை மலைக்குள்ள கொண்டு வந்திருக்காங்க. நல்லெண்ணெய் வாசனை, பெருங்காயம், வறுத்த எள்ளு... காடே மணக்குது. எனக்கு வாயில எச்சில் ஊறிருச்சு. கோவத்துல.

"டீச்சரம்மா, இது எப்பக் கிளறுனது?"

"காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு."

"கையாலயா கரண்டியாலயா?"

"சோத்தைக் கையாலதான் சார் பிசைவாங்க."

"மன்னிச்சிருங்க, இதை நான் பறிமுதல் பண்ணணும்"னேன். மரியாதையாத்தான் சொன்னேன். வாங்கி, முதல்ல மாதிரி எடுத்தேன். புளிப்பு சரியா இருந்துச்சு. ஒரு மாதிரியை வச்சு முடிவு சொல்ல முடியாது, அது நடைமுறை இல்லை. ஓரத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணுன்னு எடுத்துப் பார்த்தேன். கடலைப் பருப்பு இருக்கிற இடத்துல தனியா ஒண்ணு எடுத்தேன். சந்தேகம் தீரலை. கால்வாசிப் பொட்டலம் பரிசோதனைக்கே போயிருச்சு. அப்புறம் மீதியைக் குழி தோண்டிப் புதைச்சேன். பறிமுதல் பண்ணுனா அழிக்கணும், விதி அதுதான். மூணு பேரும் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. மண்ணு தள்ளும்போது தாரணி கண்ணைத் துடைச்சா. காட்டுத் தூசி.

"நல்லா இருந்துச்சா சார்?"னு டீச்சரம்மா கேட்டாங்க.

"பாஸாகியிருக்கும்"னு உண்மையைச் சொன்னேன். நான் பொய் சொல்லுறவன் இல்லை.

அதுக்கப்புறம் அந்தம்மா கீழ இறங்குற வரைக்கும் என்கூட அளந்துதான் பேசுனாங்க. முகிலன்தான் சிரிச்சுக்கிட்டே, "வாங்க சார், மேல நல்ல இடம் இருக்கு"ன்னு பையைத் தூக்குனான். கொஞ்ச தூரம் போனப்புறம் அவனும் தாரணியும் பின்னாடி குசுகுசுன்னு ஏதோ பேசுறதும், வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறதுமா வந்தாங்க. திரும்பிப் பார்த்தா ரெண்டு கன்னமும் உப்பியிருக்கு. கடலை மிட்டாய் வாசனை மாதிரி அடிச்சுச்சு. மலையில என்னென்னவோ செடி இருக்குமாம், அப்படி வாசனை வருமாம். முகிலன் சொன்னான்.

சாயங்காலம் தங்குறதுக்கு ஒரு தகரக் கொட்டகை. பக்கத்துலயே ஓடைத் தண்ணி. அவல் ஊற வைக்கணும். பச்சைத் தண்ணியில ஊற வைக்க நான் விடுவேனா? கொதிக்க வச்சேன். தட்டு கழுவுற தண்ணியைக் கொதிக்க வச்சேன். கை கழுவுறதுக்குத் தனியா கொதிக்க வச்சேன். கொதிச்ச தண்ணியை ஊத்துற பாத்திரத்தைக் கொதிக்க வைக்க வேண்டாமா? அதையும் வச்சேன். "சார், கேஸ்..."னான் முகிலன். "சுத்தம் முதல்ல"ன்னேன். "சார், நாளைக்கு..."ன்னான். "தம்பி, பொறுமை"ன்னேன். அவனுக்குக் குடுக்குறதுக்கு வேற என்ன இருக்கு, அனுபவத்தைத்தானே குடுக்க முடியும்? அவலைப் போடப் போற நேரத்துல அடுப்பு புஸ்ஸுன்னு அணைஞ்சுருச்சு. கம்பெனிக்காரன் குறைச்சு அடைச்சிருக்கான். எல்லாம் ஏமாத்து. எடை அளவைத் துறையில எனக்குத் தெரிஞ்சவர் இருக்காரு, எழுதிப் போடலாம்னு இருக்கேன்.

அரைகுறையா ஊறுன அவல். மென்னு மென்னு தாடை வலிச்சுப் போச்சு.

மறுநாள் காலையில பூட்டைத் திறந்தேன். பிரெட்டு சப்பையாகி, தேன் பாட்டில் உடைஞ்சு, கண்ணாடித் தூளும் தேனுமா ஒட்டிப் போயிருந்துச்சு. முகிலன் பையை இறக்கி வச்ச லட்சணம் அப்படி. சரி, முட்டை இருக்கேன்னு டப்பாவைத் திறந்தேன்.

தாரணி மூக்கைப் பிடிச்சா. டீச்சரம்மா எந்திரிச்சே போயிட்டாங்க.

"அப்பா, கெட்டுப் போச்சு. வழவழன்னு இருக்கு பாருங்க."

"முட்டையில கந்தகம் உண்டும்மா. அந்த வாசனைதான் இது."

"வேண்டாம் சார்"னான் முகிலன். "தயவுசெஞ்சு சாப்பிடாதீங்க. எங்கிட்ட..." ஏதோ சொல்ல வந்தான். நான் விடலை. நேத்து வந்த பையன், முட்டையைப் பத்தி எனக்குச் சொல்லுறதா? மூணு பேரும் என்னையே பார்க்குறாங்க. தம்பி, உத்தியோகம் பார்த்தவனுக்கு அந்தப் பார்வை தெரியும். இந்த இடத்துல பின்வாங்குனோம்னா அப்புறம் ஒரு பய மதிக்க மாட்டான். ஒரு முட்டையை எடுத்துச் சாப்பிட்டேன். அவங்க முகம் மாறலை. இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. "பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகலை"ன்னேன்.

நடந்தோம். கொஞ்ச தூரம்தான்.

அந்த ஓடைத் தண்ணி சரியில்லை தம்பி. என்னதான் கொதிக்க வச்சாலும் மலைத் தண்ணியில ஏதோ ஒண்ணு இருக்கு. வயித்தைப் பிடிச்சு முறுக்குச்சு பாருங்க. ஒரு புதர் பாக்கி இல்லை. கையுறையைக் கழட்டக்கூட நேரமில்லை. அப்புறம் வாந்தி. அப்புறம் மழை. கண்ணு இருட்டிக்கிட்டு வந்து உக்காந்தவன் எந்திரிக்கலை. தாரணி "அப்பா, அப்பா"ன்னு கத்துறது எங்கயோ கிணத்துக்குள்ள கேக்குது. யாரோ என்னைத் தூக்குறாங்க. எலும்பு தெரியிற முதுகு. மழைத்தண்ணி அவன் கழுத்துல இருந்து என் மூஞ்சியில வடியுது. அவ்வளவுதான் ஞாபகம்.

ஒரு காப்பித் தோட்டத்து ஷெட்டு. பழைய சாக்குல படுக்க வச்சிருந்தாங்க. டீச்சரம்மா உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணியை டம்ளர்ல வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. "குடிங்க சார்." வேண்டாம்னேன். "குடிங்க!" விளையாட்டு மைதானத்துல போடுற சத்தம். குடிச்சுட்டேன். திரும்ப ஒரு டம்ளர். திரும்ப ஒண்ணு. என்னமோ நான் ஏழாங்கிளாஸ் பையன் மாதிரி.

முகிலன் தோட்டத்துக்காரங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு, அங்க கிடந்த மூணு கல்லை வச்சுச் சுள்ளி மூட்டுனான். தன் பையோட அடியில கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தான். வறுத்த நொய்யரிசி! நான் தள்ளுபடி பண்ணுன அதே நொய்யரிசி. எனக்குத் தெரியாமச் சுமந்துக்கிட்டு வந்திருக்கான். உடம்புல சத்து இருந்திருந்தா அப்பவே பறிமுதல் பண்ணியிருப்பேன். கஞ்சி வச்சான். உப்புப் போட்டான். தட்டுல ஊத்தி ஆத்துனான். ஒரு கையில என் தலையைத் தாங்கிக்கிட்டு, இன்னொரு கையில ஸ்பூனைக் கொண்டு வந்தான்.

"கை கழுவுனீங்களா?"ன்னேன். குரலே வரலை எனக்கு. ஆனாலும் கேட்டேன்ல? கடமை.

"கழுவிட்டேன் மாமா"ன்னான்.

அதுவரைக்கும் சார்தான். அன்னைக்குத்தான் மாமான்னான். நானும் வாயைத் திறந்தேன். சும்மா சொல்லக் கூடாது, கஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது தட்டும் ஊட்டுனான். இது சட்டப்படி எடுக்குற மாதிரிக் கணக்குல வராது. பசிக்குத்தான் சாப்பிட்டேன்.

கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பார்த்தா மழை விட்டிருக்கு. என் இடுப்புல வேற யாரோட லுங்கியோ கட்டியிருக்கு. என் பேண்ட்டு, உள்ளுடுப்பு எல்லாம் பளிச்சுனு கம்பியில காயுது. முகிலன் தண்ணிக் குழாய்ப் பக்கமிருந்து முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோட வர்றான். என்னன்னு நான் கேக்கலை. சுத்தமான பையன், சும்மா சும்மா கை கழுவுவான்போல. தாரணி வாசப்படியில உக்காந்து அவனையே பார்த்துக்கிட்டு இருந்தா. டீச்சரம்மா அவளுக்கு ஒரு தட்டுல கஞ்சி குடுத்தாங்க. அவ பாதியைக் குடிச்சுட்டு மீதியை அவன்கிட்ட நீட்டுனா. எச்சில் தட்டு! எந்திரிச்சு ஒரு சத்தம் போடலாம்னா, லுங்கி நிக்காது.

மறுநாள் கீழ இறங்குனோம். சாப்பாட்டுப் பையை நானே தூக்குறேன்னேன். காலியாத்தான் இருந்துச்சு. விடலை அவன். அடிவாரத்துல ஒரு டீக்கடை. அந்தக் கடைக்காரர் டம்ளர் கழுவுற தண்ணியைப் பார்த்து நான் ரெண்டு வார்த்தை சொல்லிக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் தாரணி பக்கத்துல வந்து நின்னா.

"அப்பா, எனக்குச் சம்மதம்பா."

எனக்கு ஒண்ணும் புரியலை. மூணு நாளா ரெண்டும் உக்காந்து நிம்மதியா ஒரு வாய் பேசலை. ஒழுங்கா ஒரு வேளை சாப்பிடலை. எதை வச்சும்மா முடிவு பண்ணுனன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே?

"உங்களை வச்சுத்தாம்பா"ன்னா. "நீங்க மட்டும் வராம இருந்திருந்தா இவரை எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

கேட்டீங்களா தம்பி? என் மகள், என் வயித்துல பால் வார்த்த மாதிரி சொல்லுறா. இத்தனை வருச சர்வீஸ்ல ஒருத்தன் எனக்கு இப்படி ஒரு சர்டிபிகேட் குடுத்ததில்லை. டீச்சரம்மாவும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க. "ஆமா சார், என் மகனை நானே இப்பத்தான் முழுசாப் பார்த்தேன்"னாங்க. ஆனா ஒரு நன்றி? ஒரு கும்பிடு? கிடையாது. அதைத்தான் அநியாயம்னு சொன்னேன்.

தாரணிகூட என்கிட்டச் சொல்லும்போது என்னைப் பார்க்கலை தம்பி. அந்தக் கடை பெஞ்சில ரெண்டு பையையும் மடியில வச்சுக்கிட்டு உக்காந்தமேனிக்குத் தூங்கிக்கிட்டு இருந்தான் பாருங்க, அந்தப் பையனைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னா. கண்ணெல்லாம் கலங்கிப் போயி. கூச்சம், வேறென்ன? பெத்த அப்பனை நேருக்கு நேரா நின்னு பாராட்டணும்னா எந்தப் பொண்ணுக்கும் கூச்சமாத்தானே இருக்கும்.